இரண்டு கெனில்வொர்த்தும் ஒரு மாட்டுப் பண்ணையும்

ஓசூரில் ஒரு கெனில்வொர்த் இருந்தது. இங்கிலாந்தில் வார்விக்‌ஷயரில் உள்ள கெனில்வொர்த் கோட்டையின் சாயலில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், சேலம் கலெக்டராக இருந்த பிரெட் துரை கட்டியது. அப்போது ஓசூர் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. சேலத்து வெயில் ஒத்துக்கொள்ளாத துரைமார்களுக்கு இந்த மேட்டு நிலத்துக் குளிர் பிடித்துப்போனது.

கட்டிக்கொள்ளப்போகும் பெண் ‘கோட்டையில்தான் குடித்தனம் செய்வேன்’ என்று பிடிவாதம் பிடித்தாள், அதனால் கட்டினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பழைய பங்களா எது இருந்தாலும் அதற்கு ஒரு காதல் கதை கட்டாமல் நம் ஊர் விடாது. எனக்கு என்னவோ வால்டர் ஸ்காட்டின் மேல்தான் சந்தேகம். அவருடைய ‘கெனில்வொர்த்’ நாவல் 1821இல் வந்தது. அதைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் இங்கே கலெக்டராக வந்தது. கையில் அதிகாரம், பக்கத்தில் பாறை, கூலிக்கு ஆள், மனதில் நாவல். கோட்டை எழும்ப வேறென்ன வேண்டும்?

எழும்பியது நிற்கவில்லை. கடைசியில் மிஞ்சியது இடிபாடு.

*

அசல் கெனில்வொர்த்துக்கு என்ன ஆனது என்று படித்தபோதுதான் இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தேன்.

1120களில் தொடங்கிய கோட்டை அது. எலிசபெத் ராணிக்கு வேண்டியவரான லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி அதை மாளிகையாக்கினார். 1575இல் ராணி வந்து 19 நாள் தங்கினார். வாணவேடிக்கை, வேட்டை, நாடகம் என்று பிரபு கஜானாவைக் காலி செய்தார். பிறகு உள்நாட்டுப் போர். போர் முடிந்ததும், எதிரிகள் இனி இங்கே புகுந்துகொள்ளக் கூடாது என்று 1649இல் பார்லிமெண்ட் கோட்டையைச் சிதைக்கச் சொன்னது. அந்த வேலையில் இருந்த கர்னல் ஹாக்ஸ்வொர்த் காரியக்காரர். பெரிய கோபுரத்தின் வடக்குச் சுவர் விழுந்தது. சுற்றியிருந்த ஏரியை வடித்தாயிற்று. ஆனால் டட்லி 1570களில் கட்டிய வாயில் கட்டடத்தை மட்டும் இடிக்காமல் தனக்கு வீடாக மாற்றிக்கொண்டார். வெளிமுற்றம் பண்ணையானது.

இன்று அங்கே போகிறவர்கள் பார்ப்பது இதுதான்: ராணி தங்கிய பகுதிக்குக் கூரை கிடையாது, ஜன்னல் இருந்த ஓட்டை வழியே வானம் தெரியும். வாயில் வீடு மட்டும் கூரையோடு நிற்கிறது. 1930கள் வரை அதில் ஆட்கள் குடியிருந்தார்கள். முற்றத்து ஓரத்தில் 1550களில் கட்டிய நீண்ட குதிரை லாயம், கீழே கல், மேலே மரச்சட்டம், அதுவும் நிற்கிறது. அதில் இப்போது டீக்கடை.

பிரெட் துரை நகல் எடுத்தது கோபுரங்களை. அசலில் கூரையோடு பிழைத்தவையோ வாசல் காவல் வீடும் லாயமும். பண்ணையாள் புழங்கிய இடங்கள்.

*

ஓசூரிலும் அப்படியேதான் நடந்திருக்கிறது.

ஊரிலிருந்து தெற்கே மத்திகிரி. அங்கே மாவட்டக் கால்நடைப் பண்ணை. ஓசூர்க்காரர்கள் வாயில் அது ‘கேட்டில் ஃபாரம்’. 1641 ஏக்கர். 1824இல், கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்த்துப் பழக்கித் தரும் இடமாகத் தொடங்கியது. பிரெட்டின் கோட்டையை விட ஒரு தலைமுறை மூத்தது. கோட்டைக்கு ஒரு கதை இருப்பதுபோல இதற்கு எந்தக் கதையும் இல்லை. கதையே இல்லாமல் 200 வருஷத்தைத் தாண்டிவிட்டது.

ஏன் இங்கே என்பதற்கு ரகசியம் ஒன்றுமில்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர். சென்னைப் பக்கத்துப் புழுக்கம் குதிரைக்கு ஆகாது. 1809இல் தொடங்கிய பெங்களூர் கண்டோன்மெண்ட் 40 கிலோமீட்டர் தூரம்தான். வாங்குகிறவர் பக்கத்திலேயே இருக்கிறார். புல் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கொள்ளு. ராகிக்குப் பிறகு இந்த மேட்டுக்காட்டில் கேட்காமலே விளைவது கொள்ளுதான். குதிரைக்கு அதை வேகவைத்துத் தருவார்கள். குதிரைப் படை என்பது கொள்ளு விளையும் நிலத்தின் மேல் நிற்கிற படை என்று யாராவது ராணுவ வரலாற்றுப் பேராசிரியர் எழுதியிருந்தால் நல்லது. எழுதாவிட்டால் நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

கடல் வழியே வந்த குதிரைகளும் உண்டு. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், அலையைத் தாண்டி மசூலாப் படகில் வர வேண்டும். 1834இல் ஜே.பி. ஈஸ்ட் என்பவர் வரைந்த ஓர் ஓவியம் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரைகளைச் சென்னைக் கரையில் இறக்குகிறார்கள். கட்டுமரங்கள், மசூலாப் படகு, அலை, நடுவில் குதிரைகள். நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அந்தக் குதிரைகளுக்கு ‘வேலர்’ என்றே பெயராயிற்று. பல வாரம் கப்பலில் ஆடிக்கொண்டே நின்றுவந்த மிருகத்தை மறுநாளே சேணம் போட்டு அணிவகுப்பில் நிறுத்த முடியாது. ஆறவைக்க, தேற்ற, பழக்க ஓர் இடம் வேண்டும். ரிமவுண்ட் டிப்போ என்று சொல்வது அதைத்தான்.

*

குதிரைக்காகத் தொடங்கிய பண்ணை பின்னால் மாட்டுப் பண்ணையானது. லாயத்தை மாட்டுக் கொட்டாயாக மாற்றுவது எப்படி என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பெயின்ட் அடித்தால் முடிந்தது என்று நினைத்திருந்தவனுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் பிராணி. மாடு படுத்து அசைபோட வேண்டும், இல்லாவிட்டால் பால் கிடையாது. ஆகவே தளம் முதல் பிரச்சினை. லாடம் அடித்த குளம்பு வழுக்காமல் இருக்க லாயத்துத் தளத்தின் கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்கி வைத்திருப்பார்கள். மாடு அதன் மேல் படுத்து எழுந்தால் முட்டி தேயும். அதற்கு மேல் வைக்கோலோ மண்ணோ பரப்ப வேண்டும்.

அடுத்தது தொட்டி. குதிரைக்குத் தொட்டியை நெஞ்சு உயரத்துக்கு வைக்கலாம். மாடு தலையைத் தாழ்த்தித்தான் வசதியாகத் தின்னும், மேய்வதுபோல. எனவே தொட்டி இறங்கும். பழைய லாயம் எதிலாவது சுவரில் நெஞ்சு உயரத்தில் அடைத்த குழிகள் வரிசையாகத் தெரிந்தால், அங்கே குதிரைத் தொட்டி இருந்தது என்று யூகிக்கலாம்.

மூன்றாவது மூத்திரம். மாடு போடும் சாணத்துக்கும் மூத்திரத்துக்கும் குதிரை லாயத்து வடிகால் போதவே போதாது. கால்வாயை அகலமாக்க வேண்டும், சாய்வைக் கூட்ட வேண்டும்.

நான்காவது கட்டு. படைக் குதிரையை முன்னாலும் பின்னாலும் கயிறு போட்டுக் கட்டுவது வழக்கம். அகாடி, பிச்சாடி என்பார்கள். முன்கயிறு தலைக்கு, பின்கயிறு பின்னங்கால்களுக்கு. பின்கயிறு போய்ச் சேர ஒரு முளையோ கல்லோ பின்பக்கம் வேண்டும். மாட்டுக்குக் கழுத்துக் கயிறு ஒன்று போதும். ஆள் போகும் வழியில் எதற்கென்று தெரியாமல் ஒரு கல் துருத்திக்கொண்டு நின்று எல்லோரையும் இடறிவிடுகிறது என்றால், அது பிச்சாடிக் கல்லாக இருக்கலாம்.

கூரையின் உயரத்தை மட்டும் யாரும் தொட வேண்டியதில்லை என்றார். “குதிரைக்குக் கட்டினவன் காத்துக்குக் கஞ்சத்தனம் பண்ணலீங்க. இப்ப போடுற தகர ஷெட்ல ரெண்டு மணி வெயிலுக்கு நின்னு பாருங்க. மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்கும்.”

*

20ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் பண்ணை ராணுவத்தின் கையை விட்டு சிவில் இலாகாவின் கைக்கு வந்தது. குதிரைப் படையின் காலமே முடிந்துகொண்டிருந்தது. மற்ற இடமாக இருந்தால் பூட்டைப் போட்டிருப்பார்கள். இங்கே மாடுகள் உள்ளே வந்தன.

ஓசூரில் கால்நடை அதிகாரியாக இருந்த ஆர்.டபிள்யூ. லிட்டில்வுட் 1936இல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சென்னை அரசு அச்சகத்தின் வெளியீடு. காங்கேயம், ஆலம்பாடி, ஹல்லிகர், ஓங்கோல் என்று எந்த இனத்தைப் பற்றிப் பேசினாலும் ஆராய்ச்சிக்காரர்கள் இன்றும் அந்தப் புத்தகத்தில் போய்த்தான் நிற்கிறார்கள். ஆலம்பாடி நம் பக்கத்து மாடு, ஒகேனக்கல்லை ஒட்டிய காட்டுப் பக்கம். இப்போது எண்ணிக்கை குறைந்து, காரிமங்கலத்தில் அதற்கென்று ஓர் ஆராய்ச்சி மையம் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

ஓசூர்ப் பண்ணையின் பெயர் வெளியே பரவியதற்கு முக்கியக் காரணம் சிவப்பு சிந்தி. கராச்சிப் பக்கத்துப் பால் மாடு. 1947இல் அதன் தாயகம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு இந்தியாவில் சுத்தமான சிந்தி வேண்டும் என்றால் ஓசூர் போன்ற பண்ணைகளில் இருந்த மந்தைகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. சிந்து நதிக்கரை மாடு, ஆஸ்திரேலியக் குதிரையின் காலத்தில் தொடங்கிய பண்ணையில், பக்கத்துக் காட்டு ராகித் தாளைத் தின்று கன்று போட்டது. இதில் கட்டடத்துக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். கட்டடமும் மேய்ச்சல் நிலமும் தயாராக இருந்ததால்தான் மந்தை இங்கே வந்தது. மந்தை இருந்ததால்தான் கட்டடத்துக்கு ஓடு மாற்ற வருஷா வருஷம் பணம் வந்தது.

*

கல்லைப் பற்றி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல் என்றால் இப்போது கிரானைட் லாரி ஞாபகம் வரும். லாரிக்கு முன்னால் நெருப்பு இருந்தது.

1895இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வார்த் என்பவர் பெங்களூர்ப் பக்கத்துக் கல் உடைப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார். வெடி கிடையாது, இயந்திரம் கிடையாது. தரையோடு தரையாகக் கிடக்கும் பாறையின் மேல் ஒரு ஓரத்தில் மெல்லிய கோடாக விறகை அடுக்கி எரிக்கிறார்கள். சூட்டில் மேல் அடுக்கு விரிந்து, கீழே இருக்கும் கல்லை விட்டு விலகுகிறது. ஒருவர் நெருப்புக்கு முன்னால் சுத்தியால் தட்டிக்கொண்டே வருகிறார். ஒட்டியிருக்கும் கல்லின் சத்தம் ஒன்று, கழன்ற கல்லின் சத்தம் ஒன்று. கழன்றுவிட்டது என்று காது சொன்னதும் விறகைக் கொஞ்சம் முன்னால் தள்ளுகிறார்கள். மறுபடி தட்டல். இப்படி மணிக்குச் சுமார் 6 அடி நகர்கிறது நெருப்பு. அவர் பார்த்த ஒரு பலகை 740 சதுர அடி, கனம் சுமார் 5 அங்குலம், 8 மணி நேரத்தில் கழன்று வந்தது. பிறகு அதை உளியால் நீள நீளமாகப் பிளந்துகொள்வார்கள்.

எட்டு மணி நேரம். ஒரு மாட்டுக் கொட்டாய்க்கு மூன்று பக்கமும் நிறுத்தும் அளவு கல். இந்த எல்லைப் பக்கத்து ஊர்களில் வயலைச் சுற்றிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டியிருப்பதையும், வீட்டுப் பின்புறம் கற்பலகைகளையே நிறுத்திச் சுவராக்கியிருப்பதையும் வெளியூர்க்காரர்கள் பார்த்து மலைப்பார்கள். இங்கே மரத்தை விடக் கல் மலிவு என்பதுதான் விஷயம். நம் பக்கத்து மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகளைப் பார்த்தால் இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்று புரியும். பெரிய பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையைப் போட்டு மூடியிருக்கிறார்கள். செத்தவர்களுக்கு அன்று செய்ததைக் கொஞ்சம் உயர்த்தினால் மாட்டுக்குக் கொட்டாய்.

கல்லுக்காலின் வயதைப் பார்க்க ஒரு வழி. விளிம்பில் விரலை ஓட்டுங்கள். குட்டையான, சதுரமான பள்ளங்கள் வரிசையாக இருந்தால் உளிக்குழி வெட்டி ஆப்பு அடித்துப் பிளந்தது. நீளமான அரைக்குழாய்போல வழவழவென்று ஓடினால் டிரில் போட்டது, நம் காலத்துச் சரக்கு.

*

வாசல் காவல் வீடு.

இங்கிலாந்துப் பண்ணையார்கள் இதற்குக் கொடுத்த கவனம் வேடிக்கையானது. மாளிகை பொதுவாகச் சாலையிலிருந்து தெரியாது. சாலையில் போகிறவனுக்குத் தெரிவது கேட்டும் அதன் பக்கத்துச் சிறு வீடும்தான். அதனால் காவல்காரன் குடும்பம் இரண்டு அறையில் முடங்கிக் கிடந்தாலும் வெளியே கூம்பு, வளைவு, செதுக்கு வேலை எல்லாம் இருக்கும்.

கால்நடைப் பண்ணையின் வாசல் வேறு மாதிரி. அங்கே அழகை விடக் குழி முக்கியம். உள்ளே வரும் வண்டிச் சக்கரமும் ஆளின் காலும் நனைந்து போகும்படி கிருமிநாசினி ஊற்றிய பள்ளம். கோமாரிக்கு 4 சதவீத வாஷிங் சோடாக் கரைசலே போதும் என்பார்கள், விலையும் கம்மி. குதிரைக் காலத்தில் காவல்காரன் பார்த்தது வெளியே போவதை: குதிரை, கொள்ளு மூட்டை, சேணம். இன்று காவல்காரர் பார்ப்பது உள்ளே வருவதை. கோமாரிக் காலத்தில் சொந்த அண்ணன் வந்தாலும் கேட்டிலேயே நிறுத்துகிறவர் அவர்தான். சந்தையில் மாடு வாங்கி ஓட்டி வந்த செருப்போடு யாராவது “ஒரே நிமிஷம்ணா” என்று நுழைந்தால் மந்தை முழுக்க வாய்ப்புண்.

*

கெலமங்கலம் தாண்டி ஒரு கிராமம். பெங்களூர் வியாபாரி ஒருவர் டெம்போவோடு வந்திருந்தார். பழைய கல்தொட்டி, உரல், ராகி போரடிக்கும் உருளைக்கல் எல்லாம் வாங்குகிறார். ரிசார்ட்டுகளில் தொட்டியில் அல்லி விடுகிறார்களாம். உருளைக்கல்லைப் புல்வெளியில் சும்மா போட்டு வைப்பார்களாம். ராகியை இப்போது தார் ரோட்டில் பரப்பிவிட்டால் பஸ்ஸே போரடித்துவிடுகிறது. உருளைக்கல்லுக்கு வேலையில்லை.

தொட்டிக்காரர் எழுபதைத் தாண்டியவர். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“தொட்டி என்ன விலை சொல்றீங்க, தாத்தா?”

“ஒரு கண்ணுக்குட்டி வெல குடு சாமி, ஏத்திக்க.”

“கல்லுக்கா? கண்ணுக்குட்டி விலையா?”

“பின்ன? கண்ணுக்குட்டி நாலு வருசத்துல கெழமாயிடும். இது எங்க தாத்தன் காலத்துலருந்து அப்படியே கெடக்குது.”

வியாபாரி சிரித்தார், முனகினார், கடைசியில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிட்டு நாலு ஆளோடு ஏற்றிப்போனார். இருநூறு வருஷமானாலும் அசையாத தொட்டியை இப்படி விற்றுவிட்டீர்களே என்று நான் தாத்தாவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

“மாடு இருந்தா தொட்டிங்க. மாடில்லாத தொட்டியில கொசுதான் தண்ணி குடிக்குது. டெங்குன்னு பஞ்சாயத்துல வந்து திட்டிட்டுப் போறாங்க.”

பண்ணைக் கட்டடப் பாதுகாப்பு பற்றி நடக்கும் எந்தக் கருத்தரங்குக்கும் இவரை அனுப்பலாம்.

*

அரசு எதைக் காக்கிறது என்றும் பார்க்கலாம். தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. 1878 டிசம்பர் 10. சின்ன வீடு, அழகான வீடு, காப்பது நியாயம். அது அந்த மனிதருக்காக. கோயிலைச் சாமிக்காகக் காக்கிறோம், கோட்டையை ராஜாவுக்காக, நடுகல்லை வீரனுக்காக. மாட்டுக் கொட்டாயை யாருக்காகக் காப்பது? பெயர் சொல்ல ஆள் இல்லை. அங்கே சாணி அள்ளியவர்கள், லாடம் அடித்தவர்கள், கொள்ளு வேகவைத்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. சம்பளப் பதிவேட்டில் இருந்திருக்கும். அதைக் கரையான் தின்றிருக்கும்.

மத்திகிரியிலேயே டைட்டன் குடியிருப்பு இருக்கிறது. சார்லஸ் கொரியா வடிவமைத்தது, 1990களில் எழும்பியது. கட்டடக்கலை மாணவர்கள் அதைப் பார்க்க வருவார்கள், வர வேண்டியதுதான். அப்படியே பக்கத்தில் எட்டிப்பார்த்து, வெயில் நாளில் மாடு எந்தக் கொட்டாயில் நிம்மதியாக அசைபோடுகிறது என்று பார்த்தால் காற்றோட்டத்தில் இன்னொரு பாடம் கிடைக்கும்.

*

பழைய கூரையைப் பார்த்துக் கட்டடத்தின் வயதைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. மங்களூர் ஓடு என்றால் உடனே “வெள்ளைக்காரன் காலத்துது சார், இருநூறு வருசம்” என்பார்கள். பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். 1824இல் எழுந்த சுவரின் மேல் மங்களூர் ஓடு இருந்தால் அது இரண்டாவது கூரை, அல்லது மூன்றாவது. கல் சுவர் பல கூரைகளைப் பார்த்திருக்கும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, கூரையை மாற்றத்தான் வேண்டும். வருத்தம் சிமெண்டில்தான். சுண்ணாம்பில் கட்டிய கல் சுவரின் இடுக்குகளில் சிமெண்டைப் பூசி அடைத்துவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உள் சுண்ணாம்பைக் கரைக்கும். வெளியே புதுச்சுவர் மாதிரி பளிச்சென்று இருக்கும். டெண்டரில் ‘பூச்சு வேலை’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். சுண்ணாம்பு என்று ஒரு வார்த்தை சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

*

நிலம்.

சிப்காட் வந்தது, டிவிஎஸ் வந்தது, லேலண்ட் வந்தது, 1980களில் டைட்டன். பிறகு டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. 2024 ஜூனில் ஓசூரில் 2000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு. ஓர் ஏக்கர் என்ன விலை என்று டீக்கடையில் பேசாத நாள் இல்லை. இந்தச் சூழலில் 1641 ஏக்கரில் மாடு மேய்கிறது என்பது பலருக்குக் கணக்குத் தெரியாதவன் செய்கிற காரியமாகத் தோன்றும்.

தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். என் தெருவில் பாதி வீட்டில் அடுப்பெரிவது அதனால்தான். ஆனால் இந்தப் பண்ணை நிலம் இவ்வளவு காலம் தப்பியது கல் கட்டடத்தின் பழமையால் இல்லை, அதற்குள் கட்டியிருக்கும் மாட்டால். கொட்டாய் காலியான மறுநாள் அதற்குப் பெயர் ‘உபயோகமில்லாத அரசு நிலம்’. எல்லைக்கு அந்தப் பக்கம் குனிகலில் திப்பு காலத்துத் தொடர்பு சொல்லும் குதிரைப் பண்ணை ஒன்று உண்டு. அங்கேயும் டவுன்ஷிப் பேச்சு எழுந்துவிட்டது.

மந்தையைக் கலைப்பது சுலபம். மைசூர் அரசர்களின் அம்ருத் மஹால் மாடுகள் பெயர் பெற்றவை. ஹைதரும் திப்புவும் பீரங்கி இழுக்க வைத்திருந்தவை, பின்னால் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. 1860இல் செலவு ஜாஸ்தி என்று சொல்லி அந்த மந்தைகளை விற்றார்கள். ஆறே வருஷத்தில், 1866இல், மறுபடி மந்தை சேர்க்க ஆரம்பித்தார்கள்.

*

செய்யக்கூடியது என்று எனக்குத் தோன்றுவது சின்ன வேலை. பண்ணையின் பழைய கட்டடங்களை அளந்து வரைபடமாகப் போட்டு வைப்பது. பெங்களூரிலும் சென்னையிலும் எத்தனை கட்டடக்கலைக் கல்லூரிகள். ஒரு கோடை விடுமுறை போதும். தூணுக்குத் தூண் இடைவெளி, உத்தரத்தின் தடிமன், தொட்டியின் உயரம், வடிகாலின் சாய்வு, எந்தக் கல்லில் உளிக்குழி, எந்தக் கல்லில் டிரில். எங்கெங்கே சிமெண்ட் பூசியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். இடித்தே தீர வேண்டிய நாள் வந்தாலும் என்ன இடிக்கிறோம் என்று தெரிந்து இடிக்கலாம். பண்ணை அனுமதி கொடுத்து, வாசல் குழியில் காலை நனைத்துவிட்டு உள்ளே போகச் சம்மதிக்கிற மாணவர்கள் கிடைத்தால், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நான் வருகிறேன்.